இரண்டு சூரிய உதயங்களும் பெரியம்மாவின் நித்திரையும்

எங்களில் ஒருத்தியின் அம்மம்மா ஆடி மாதம் மோசம் போனா. மூத்த மகள், அதாவது அவளுடைய பெரியம்மா, ரொறன்ரோவில் இருந்து வரும்வரைக்கும் உடலை வைத்திருந்தார்கள். பெரியம்மா வந்து சேர்ந்தது செத்தவீட்டுக்கு முதல் நாள் பின்னேரம். அடுத்தநாள் காலை பத்து மணிக்குக் கிரியை நடக்குது, ஐயர் தேவாரம் படிக்கிறார், தாயின் தலைமாட்டில் இருந்த பெரியம்மா தூங்கித் தூங்கி விழுறா. பக்கத்தில் இருந்த ஒரு மாமி சொன்னது எங்கள் காதில் விழுந்தது: "தாய் கிடக்கிறா, இவவுக்கு நித்திரை கேக்குது. கனடாக் கொழுப்பு."

உண்மையைச் சொல்ல வேணும், நாங்களும்தான் வாய்க்குள் சிரித்தோம்.

அன்றிரவு இரண்டு மணிக்குத் தண்ணி குடிக்க எழும்பிய எங்கள் தோழி விறாந்தையில் பெரியம்மாவைக் கண்டாள். விளக்கும் போடாமல், அம்மம்மாவின் சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து அழுதுகொண்டிருந்தாவாம். பகல் முழுக்க வராத அழுகை அப்போதுதான் வந்திருந்தது. பிறகு கணக்குப் பார்த்தோம். யாழ்ப்பாணத்தில் காலை பத்து மணி என்றால் ஆடி மாத ரொறன்ரோவில் நள்ளிரவு பன்னிரண்டரை. இங்கே இரவு இரண்டு என்றால் அங்கே பின்னேரம் நாலரை. அந்தப் பெரியம்மா செத்தவீட்டுக்கு வந்தது நடுச்சாமத்தில். அழுதது பின்னேரத்தில். ஊர்தான் வேறு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இதற்கு 'ஜெட் லாக்' என்று பெயர் இருப்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெயர் எப்போது வந்தது, அதற்கு முன் அது இருந்ததா, இரவிரவாகப் பறக்கிற உடம்பைப் பற்றி யார் யோசித்தார்கள், யாருடைய உடம்பைப் பற்றி யோசித்தார்கள் என்று தேடத் தொடங்கினோம். தேடல் எங்களைக் கொண்டுபோய் விட்ட முதல் இடம் கனடாவும் இல்லை, லண்டனும் இல்லை. காலிக்குப் பக்கத்தில் இருக்கிற கொக்கல.

கொக்கல வாவியில் இருந்து ஒரு பிளேன்

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானிடம் விழுந்தது. அதோடு அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிலான வான்வழி அறுந்தது. அதை மறுபடி இணைக்க ஒரே வழிதான் இருந்தது: பேர்த்தில் இருந்து இந்து சமுத்திரத்தை ஒரே மூச்சில் கடந்து இலங்கைக்கு வருவது. 1943 நடுப்பகுதியில் குவாண்டாஸ் நிறுவனம் 'கற்றலினா' என்ற கடல் விமானங்களை வைத்து இந்தச் சேவையைத் தொடங்கியது. ஐந்து விமானங்கள், ஐந்துக்கும் நட்சத்திரங்களின் பெயர்கள். பேர்த்தின் சுவான் ஆற்றில் எழும்பி கொக்கல வாவியில் இறங்க வேண்டும். தூரம் ஏறத்தாழ 6,500 கிலோமீற்றர்.

இன்றைக்கு அந்தத் தூரம் ஒரு இரவுச் சாப்பாடு, இரண்டு படம். கற்றலினாவுக்கு 27 முதல் 33 மணித்தியாலம் எடுத்தது. மேலதிக எரிபொருளைச் சுமப்பதற்காக வேறு பாரமெல்லாம் குறைக்கப்பட்டது. கடைசியில் மிஞ்சிய இடத்தில் மூன்று பயணிகளும் 69 கிலோ தபாலும்தான் ஏறலாம். யப்பானிய விமானங்கள் சுற்றுகிற பகுதியை இருட்டில் கடக்கும்படி நேரம் வகுத்தார்கள். எதிரி கேட்டுவிடுவான் என்று வானொலியில் பேசுவதில்லை. நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடித்தார்கள். ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்க்கலாம் என்பதால் அதற்கு 'இரட்டைச் சூரிய உதயம்' என்று பெயர் வந்தது. பறந்து வந்த பயணிகளுக்கு அந்தப் பெயரில் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். 1945 யூலை வரை 271 தடவை இப்படிக் கடந்திருக்கிறார்கள்.

சரி, அந்தப் பயணிகளுக்கு ஜெட் லாக் வந்திருக்குமா? வந்திருக்காது. காரணம் வேடிக்கையானது. போர்க்காலத்தில் இலங்கையின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, கிறீன்விச்சுக்கு ஆறரை மணித்தியாலம் முன்னால் வைத்திருந்தார்கள். 1943 யூலையில் பேர்த் எட்டு மணித்தியாலம் முன்னால். ஆக இரண்டு ஊருக்கும் இடையில் வித்தியாசம் ஒன்றரை மணித்தியாலம் மட்டும். கொக்கலவில் இறங்கினவர்கள் குளிரிலும் இரைச்சலிலும் அடிபட்டு, கால் விறைத்து, கண் சிவந்து இறங்கியிருப்பார்கள். ஆனால் அவர்கள் உடம்புக்குள் இருந்த மணிக்கூடு கிட்டத்தட்ட சரியாகவே ஓடிக்கொண்டிருந்திருக்கும். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

கொக்கலவைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் போகக் கூடாது. அது எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ஊர். விமானத்தளத்துக்காக அந்த ஊர்ச்சனத்தை எழுப்பினார்கள். வடக்கில் பலாலி விமானத்தளமும் அதே போர்க்காலத்தில் கட்டப்பட்டதுதான். அதைச் சுற்றியிருந்த ஊர்கள் 1990க்குப் பிறகு என்ன ஆனது என்பதை எங்கள் வீடுகளில் கேட்டுத்தான் வளர்ந்தோம். வான்வழிகளின் வரலாறு எழுதுகிறபோது ஓடுபாதைக்குக் கீழே இருந்த வீடுகளையும் ஒரு வரியாவது எழுத வேண்டும் என்று நினைக்கிறோம்.

உடம்பு பிந்தி வருகிறது

கப்பலில் லண்டனுக்குப் போன எங்கள் பாட்டன்மாருக்கு இந்தப் பிரச்சினை இருந்ததில்லை. கொழும்பில் இருந்து மூன்று கிழமை எடுக்கும். கப்பலில் மணிக்கூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே போவார்கள். உடம்பும் கூடவே திரும்பிவிடும். மணிக்கூடு உடம்பை விட்டு ஓடத் தொடங்கியது பிளேனோடுதான்.

அதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் வைலி போஸ்ட் என்ற அமெரிக்க விமானி. எண்ணெய்க் கிணற்று வேலையில் ஒரு கண்ணை இழந்தவர். 1931 யூனில் ஹரோல்ட் கற்றி என்ற அவுஸ்திரேலிய வழிகாட்டியோடு நியூயோர்க்கில் கிளம்பி, 8 நாள் 15 மணித்தியாலம் 51 நிமிடத்தில் உலகத்தைச் சுற்றி வந்தார். கிளம்புவதற்கு முன்பே, ஒரே நேரத்தில் சாப்பிட்டு ஒரே நேரத்தில் படுக்கிற பழக்கம் இந்தப் பயணத்தில் தன்னைக் கவிழ்க்கும் என்று விளங்கி, வேணும் என்றே நித்திரை நேரத்தைக் குழப்பிப் பழகினார். ஜெட் விமானமே இல்லாத காலத்தில் ஜெட் லாக்குக்குச் செய்த வைத்தியம் அது.

பிறகு ஜெட் வந்தது. 1952 மே 2ஆம் திகதி 'கொமெற்' விமானம் லண்டனில் இருந்து ஜொகனஸ்பேர்க்குக்குப் பறந்தது. அதுதான் பயணிகளை ஏற்றிய முதல் ஜெட் சேவை. அதே வருசம் ஓகஸ்ட் மாதமே லண்டன்–கொழும்புச் சேவையும் தொடங்கிவிட்டது. ஆக ஜெட் யுகத்தின் முதல் சில ஊர்களில் எங்கள் நாடும் ஒன்று. 1954இல் இரண்டு கொமெற் விமானங்கள் அடுத்தடுத்து வானிலேயே சிதறியதும் அந்தச் சேவைகள் நின்றன. 1958 ஒக்டோபரில் அத்திலாந்திக் கடலுக்கு மேலாக ஜெட் சேவை தொடங்கியது. 1966இல் 'லொஸ் ஏஞ்சல்ஸ் ரைம்ஸ்' பத்திரிகையில் வந்த ஒரு பயணக் கட்டுரையில் 'ஜெட் லாக்' என்ற சொல் அச்சில் வந்தது. பணக்காரப் பயணிகள் அடிக்கடி ஜெட்டில் பறந்ததால் பிடித்த நோய் என்ற கேலி அந்தச் சொல்லோடு ஒட்டியிருந்தது. இன்றைக்கு "கனடாக் கொழுப்பு" என்று மாமி சொன்னதற்கும் அதற்கும் பெரிய தூரமில்லை.

அதே ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவின் விமானப் போக்குவரத்துத் துறை ஆய்வாளர்கள் ஒரு நல்ல வேலை செய்தார்கள். சிலரைக் கிழக்கு மேற்காகத் தூர நாடுகளுக்குப் பறக்கவைத்தார்கள். வேறு சிலரை வொஷிங்டனில் இருந்து நேர் தெற்கே சிலி நாட்டின் சந்தியாகோவுக்குப் பறக்கவைத்தார்கள். கிழக்கு மேற்காகப் போனவர்களின் உடல் வெப்பத்தின் ஏற்ற இறக்கம் நாட்கணக்கில் பழைய ஊரின் நேரத்திலேயே கிடந்தது. தெற்கே போனவர்களுக்கு அலுப்பு மட்டும்தான். அதாவது இரண்டு வேறு விசயங்களை நாங்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம்: பயண அலுப்பு ஒன்று, நேரக் குழப்பம் இன்னொன்று. அலுப்பு ஒரு நல்ல நித்திரையோடு போய்விடும். நேரக் குழப்பம் போகாது. ஒரு மணித்தியால வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். கொக்கலவில் இறங்கினவர்களுக்கு முதலாவது மட்டும். பெரியம்மாவுக்கு இரண்டும்.

தொட்டாச்சுருங்கி சொன்னது

இந்த உள் மணிக்கூட்டின் கதை இன்னும் பழையது. 1729இல் டி மெய்ரான் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு தொட்டாச்சுருங்கியை இருட்டுக்குள் வைத்துப் பார்த்தார். வெயில் படாமலே அது பகலில் இலையை விரித்து, இரவில் சுருக்கியது. நாங்கள் சின்ன வயதில் காலால் தட்டி விளையாடிய அதே செடி. 1959இல் பிரான்ஸ் ஹல்பேர்க் என்ற ஆய்வாளர் ஏறத்தாழ ஒரு நாள் நீளமான இந்தத் தாளத்துக்கு 'சேர்கேடியன்' என்று பெயர் வைத்தார். 1960களில் யேர்மனியில் வெளிச்சமும் சத்தமும் நுழையாத நிலக்கீழ் அறைகளில், மணிக்கூடு இல்லாமல் ஆட்களைத் தங்கவைத்துப் பார்த்தார்கள். மனிதரின் உள் மணிக்கூடு 24 மணித்தியாலத்தை விடக் கொஞ்சம் நீளமாக ஓடுவது தெரிந்தது. 1972இல் அது மூளையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று எலிகளில் கண்டுபிடித்தார்கள். 2017இல் அந்த மணிக்கூட்டின் மரபணு இயக்கத்தை விளக்கிய மூன்று அமெரிக்கர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எங்கள் மணிக்கூடு கொஞ்சம் நீளம் என்பதால் நாளை நீட்டுவது சுலபம், சுருக்குவது கஷ்டம். இரவு பிந்திப் படுக்க எங்களுக்கு யாரும் பழக்கத் தேவையில்லை, விடிய வெள்ளன எழும்பத்தான் அலாரம் வேணும். மேற்கே பறந்தால் நாள் நீளுகிறது, கிழக்கே பறந்தால் குறுகுகிறது. அதனால்தான் லண்டனுக்குப் போகிறதை விட லண்டனில் இருந்து வருகிறது உடம்பை வாட்டும். ஏறத்தாழப் பத்து மணித்தியாலம் வித்தியாசப்படுகிற ரொறன்ரோ என்றால் கிட்டத்தட்டப் பகல் இரவாகிவிடும்.

இதைத் திருத்துகிற பிரதான மருந்து வெளிச்சம். கண்ணில் படுகிற வெளிச்சம் மூளையின் மணிக்கூட்டைத் தள்ளுகிறது. ஆனால் எந்தப் பக்கம் தள்ளும் என்பது உடம்பின் நேரத்தைப் பொறுத்தது. உடம்புக்கு முன்னிரவாக இருக்கும்போது வெளிச்சம் பட்டால் மணிக்கூடு பின்னுக்குப் போகும், உடம்புக்கு விடிகிற நேரம் பட்டால் முன்னுக்குப் போகும். இருட்டினால் சுரக்கிற மெலற்றோனின் 1958இல் பிரித்தெடுக்கப்பட்டது. வலுவான வெளிச்சம் மனிதரில் அதன் சுரப்பை நிறுத்துகிறது என்பது 1980இல் தெரிந்தது. அதனால்தான் இரவுப் பிளேனில் ஜன்னலை மூடி விளக்கை அணைக்கிறார்கள். அந்த இருட்டில் நாங்கள் முகத்துக்கு நேரே திரையைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது படம் பார்க்கிறோம்.

யார் படுத்துக்கொண்டு பறந்தார்கள்?

வசதியின் வரலாறு முன்னுக்கு மட்டும் போகவில்லை. 1949இல் பறக்கத் தொடங்கிய 'ஸ்ட்ரற்றோகுரூசர்' விமானங்களில் காசுள்ளவர்களுக்குப் படுக்கைகள் இருந்தன, கீழ்த்தளத்தில் இருந்து கதைக்க ஒரு கூடமும் இருந்தது. 1952இல் அத்திலாந்திக் வழியில் 'ரூறிஸ்ட்' வகுப்பும் 1958இல் 'எகொனொமி' வகுப்பும் வந்தன. கட்டணம் குறைந்தது, ஆட்கள் கூடினார்கள், ஜெட் விமானங்களில் படுக்கைகள் கழற்றப்பட்டுக் கதிரைகள் நெருக்கப்பட்டன. எங்களைப் போன்ற குடும்பங்கள் வானில் ஏற முடிந்தது அந்த நெருக்கத்தால்தான், அதை மறுக்க முடியாது. படுக்கை மறுபடி வந்தது 1990களின் நடுப்பகுதியில் முதல் வகுப்புக்கு, 2000இல் பிஸினஸ் வகுப்புக்கு. பின்னால் இருக்கிறவர்களுக்கு இன்றைக்கும் முன் கதிரைக்கும் தன் கதிரைக்கும் இடையில் பெரும்பாலும் 30, 32 அங்குலம்தான்.

அந்தக் கதிரையில் இருந்து என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். விமானத்துக்குள் காற்றழுத்தத்தை 8,000 அடி, அதாவது ஏறத்தாழ 2,400 மீற்றர் உயரத்துக்குச் சமமாக வைத்திருக்கலாம் என்பது விதி. பிதுருதலாகலையின் உச்சி 2,524 மீற்றர். இரவு முழுக்க நாட்டின் மிக உயர்ந்த மலையின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, வன்னி வெயிலை விட வரண்ட காற்றில், முழங்காலை மடக்கிக்கொண்டு இருக்கிறோம். புதிய சில விமானங்களில் இது 6,000 அடி. நுவரெலியா என்று வையுங்கள். அலுப்புக்கு இதுவே போதும்.

நீண்ட நேரம் மடங்கி இருந்தால் காலில் இரத்தம் உறையலாம் என்பதை மருத்துவம் விமானத்தில் மட்டும் கற்கவில்லை. 1940இல் லண்டன் மேல் யேர்மனியின் குண்டுகள் விழுந்தபோது, பதுங்குமிடங்களில் இரவிரவாகக் கதிரையில் இருந்தவர்கள் சிலர் நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்துச் செத்தார்கள். கீத் சிம்சன் என்ற மருத்துவர் அதை எழுதினார். 1954இல் ஜோன் ஹோமன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகும் அதே நோயைக் கண்டு எழுதினார். இதை வாசித்தபோது எங்களுக்குப் பிளேன் ஞாபகம் வரவில்லை. பங்கருக்குள் குந்தியிருந்த இரவுகளைப் பற்றி அம்மாமார் சொல்லுகிற கதைகள்தான் ஞாபகம் வந்தன. பங்கரால் வெளியில் வந்து காலை நீட்ட ஏலாமல் இருந்தது என்று அம்மாமார் சொல்வார்கள். அதை யாரும் ஆய்வுக் கட்டுரை ஆக்கவில்லை.

அதேபோலத்தான் இன்னொரு கூட்டமும். கட்டுநாயக்காவில் நள்ளிரவில் பார்த்திருப்பீர்கள், மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள், ஒரே மாதிரிப் பையோடு வரிசையில் நிற்பார்கள். குவைத்துக்கும் எங்களுக்கும் வித்தியாசம் இரண்டரை மணித்தியாலம். அறிவியல் கணக்குப்படி பெரிய ஜெட் லாக் இல்லை. ஆனால் ஊரில் இருந்து இரவு பஸ், விமான நிலையத்தில் காத்திருப்பு, இரவுப் பிளேன், இறங்கின உடனே ஒரு தெரியாத வீட்டின் குசினி. அந்த அலுப்பைத் தீர்க்க ஒரு நாள் நித்திரை போதும். அந்த ஒரு நாளை யார் கொடுப்பார்கள்?

இன்னொரு பக்கத்தில் ஆய்வு மும்முரமாக நடக்கிறது. 2018 மார்ச்சில் குவாண்டாஸ் பேர்த்தில் இருந்து லண்டனுக்கு நிற்காமல் பறக்கத் தொடங்கியது, ஏறத்தாழ 17 மணித்தியாலம். 2019 ஒக்டோபரில் நியூயோர்க்கில் இருந்து சிட்னிக்கு 19 மணித்தியாலம் 16 நிமிடம் ஒரு ஆய்வுப் பயணம் நடத்தினார்கள். சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கூட ஏறினார்கள். பயணிகளின் உடலில் கருவிகளை மாட்டி, விளக்கையும் சாப்பாட்டு நேரத்தையும் சிட்னி நேரத்துக்கு மாற்றி, உடற்பயிற்சி செய்யவைத்து, நித்திரையை அளந்தார்கள். சிட்னி–லண்டன் நேரடிச் சேவைக்கான அந்தத் திட்டத்துக்கு 'புரொஜெக்ற் சன்றைஸ்' என்று பெயர். கொக்கல வாவிக்கு வந்த அந்த இரட்டைச் சூரிய உதயத்தின் நினைவாக வைத்த பெயர்.

நேரம் யாருடையது

எங்கள் நாட்டில் நேரம் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை. 1996இல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் மணிக்கூட்டை முதலில் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, சில மாதத்தில் அதை அரை மணித்தியாலமாகக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி பழைய நேரத்திலேயே நின்றது. 2006 ஏப்ரலில் நாடு பழைய ஐந்தரைக்குத் திரும்பும்வரை, ஓமந்தையைக் கடக்கும்போது மணிக்கூட்டைத் திருப்புகிற சனமாக நாங்கள் இருந்தோம். "பழைய நேரமோ புது நேரமோ?" என்று கேட்காமல் ஒரு கலியாணத்துக்குப் போக முடியாது என்று அப்பாமார் சொல்வார்கள். இரண்டு நேரத்தில் வாழுவது என்றால் என்ன என்று தெரிந்த ஒரு சமூகம், வெளிநாட்டில் இருந்து வந்தவர் தூங்கினால் கொழுப்பு என்கிறதுதான் எங்களுக்கு விளங்கவில்லை.

அதனால் வரலாற்றில் இருந்து நாங்கள் எடுத்துக்கொண்டதைச் சொல்லி முடிக்கிறோம். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்து யாரும் வந்தால் வந்த அன்றே கோயில், சொந்தம், சாப்பாடு என்று இழுக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் அவர்களை வாகனம் ஓட விடாதீர்கள். பகலில் நித்திரை கேட்டால் அரை மணித்தியாலம் படுக்க விட்டு, எழுப்பி, முற்றத்துக்குக் கூட்டிப் போங்கள். பின்னேரத்தில் தேத்தண்ணி, கோப்பி வேண்டாம். நீங்கள் பறக்கிறவர் என்றால் ஏறின உடனே மணிக்கூட்டை இறங்குகிற ஊரின் நேரத்துக்கு மாற்றுங்கள், தண்ணி குடியுங்கள், மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பி நடங்கள், கணுக்காலைச் சுழற்றுங்கள். நித்திரைக் குளிசை, மெலற்றோனின் எல்லாம் வைத்தியரிடம் கேட்டுத்தான்.

இன்னொன்று. இரவு இரண்டு மணிக்கு விறாந்தையில் யாரும் தனிய இருந்தால், அவருக்கு அது பின்னேரம். எங்கள் தோழி அன்றைக்குத் தண்ணியைக் குடித்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அடுத்த இரவு அலாரம் வைத்து எழும்பி, இரண்டு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருந்தாள். பெரியம்மா விடியும்வரைக்கும் அம்மம்மாவைப் பற்றிக் கதைத்தாவாம். பின்னேரம் தேத்தண்ணி கூடாதுதான். அந்த ஒரு இரவு மட்டும் பரவாயில்லை என்று விட்டுவிட்டோம்.